ஆட்டுப்பால் கறவை மெஷின்: மதுரைப் பக்கம் ஆடு வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையைச் சுற்றி ஆடு என்றால் கறிக்குத்தான். திருமங்கலம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆட்டைத் தூக்கிப் பார்த்து, முதுகைத் தடவி, எத்தனை கிலோ தேறும் என்றுதான் பேசுவார்கள். மடியைக் குனிந்து பார்ப்பவர் குறைவு. ஆனாலும் தலைச்சேரி, ஜமுனாபாரி என்று பால் தரும் இன ஆடுகளை வாங்கி, பாலையும் கொஞ்சம் விற்கிறவர்கள் உசிலம்பட்டி, பேரையூர், மேலூர்ப் பக்கம் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களில் பலர் போனில் ஏதாவது ஒரு சின்ன கறவை மெஷினின் வீடியோவைப் பார்த்துவிட்டு, "இது நமக்குத் தோதுப்படுமா?" என்று கேட்கிறார்கள். அப்படி வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

எத்தனை ஆடு இருந்தால் மெஷின் வாங்கலாம்?

பட்டியில் எத்தனை ஆடு நிற்கிறது என்பது கணக்கில்லை. ஒரே நேரத்தில் கறவையில் எத்தனை இருக்கிறது என்பதுதான் கணக்கு. இருபது ஆடு வைத்திருப்பவரிடம் சினையும் குட்டியும் கிடாவும் போக ஏழெட்டுதான் கறவையில் இருக்கும்.

நேரத்தை வைத்துப் பாருங்கள். ஆட்டைப் பிடித்து வந்து நிறுத்துவது, மடியைத் துடைப்பது, முதல் பீய்ச்சலை எடுத்துப் பார்ப்பது ஆகியவை கைக்கும் மெஷினுக்கும் ஒன்றுதான். வித்தியாசம் கறவையில் மட்டும். ஒரு லிட்டருக்கு மேல் தரும் ஆட்டைக் கையால் கறக்க நாலு நிமிடம் என்றால், மெஷின் இரண்டு நிமிடத்தில் முடிக்கும். ஆக, ஒரு ஆட்டுக்கு இரண்டு நிமிடம் மிச்சம். ஆனால் மெஷினைப் பூட்டி எடுத்து, கடைசியில் அலசிக் கழுவிக் கவிழ்த்து வைக்க இருபது நிமிடமாவது ஆகும். பத்து ஆட்டில்தான் அந்த இருபது நிமிடம் ஈடாகிறது. அதற்குக் கீழே மெஷின் வேலையைக் கூட்டுகிறது, குறைப்பதில்லை.

ஐந்தாறு கறவை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது: அந்தப் பணத்தில் ஒரு கறவை மேடை அடியுங்கள். ஒன்றரை அடி உயரப் பலகை, முன்னால் தீவனத் தொட்டி, கழுத்தைப் பிடிக்க இரண்டு கட்டை. தச்சர் அரை நாளில் முடித்துவிடுவார். பாதிச் சிரமம் குனிவதில்தான் இருக்கிறது, அது போய்விடும்.

விதிவிலக்கு உண்டு. மணிக்கட்டு வலி, விரல் மரத்துப்போவது, வீட்டில் கறக்கத் தெரிந்தவர் ஒருவர்தான், அவருக்கும் வயதாகிவிட்டது என்றால் ஆறு ஆட்டுக்கும் மெஷின் வாங்கலாம். அங்கே நேரக் கணக்கு பொருந்தாது.

எங்களிடம் இருப்பது கன்னி ஆடும் பள்ளையாடும். போடலாமா?

வேண்டாம். கன்னி, கொடி எல்லாம் கறிக்கும் குட்டிக்கும் பேர் போனவை. இரட்டைக் குட்டி போட்டு, இருக்கிற பாலில் இரண்டையும் வளர்த்துவிட்டால் அதுவே பெரிது. தலைச்சேரி, ஜமுனாபாரி, பீட்டல், சிரோகி, அல்லது அவற்றின் கலப்பு இருந்தால்தான் இந்தப் பேச்சே.

மாட்டுக்கு வாங்கிய மெஷின் வீட்டில் சும்மா கிடக்கிறது. ஆட்டுக்குப் போட முடியுமா?

முடியும். ஆனால் மூன்றை மாற்ற வேண்டும்.

முதலில் வெற்றிட அழுத்தம். மாட்டு மெஷினை ஏறத்தாழ 320 முதல் 375 மில்லிமீட்டர் பாதரச அளவில் வைத்து ஓட்டுவார்கள். ஆட்டுக்கு 270 முதல் 300 போதும். உங்கள் மீட்டரில் அங்குலக் கணக்கு இருந்தால் முள் 11-ஐ ஒட்டி நிற்க வேண்டும். கிலோபாஸ்கல் போட்டிருந்தால் 36 முதல் 40. பம்பிலோ குழாயிலோ ரெகுலேட்டர் திருகு ஒன்று இருக்கும். அதைத் தளர்த்தினால் கொஞ்சம் காற்று உள்ளே வந்து முள் இறங்கும். மீட்டரே இல்லாத மெஷின் என்றால் முதல் வேலையாக ஒரு மீட்டர் வாங்கிப் பொருத்துங்கள். காதால் கேட்டு அழுத்தம் சொல்ல யாராலும் முடியாது.

அடுத்தது பல்சேட்டர் வேகம். காம்பை அமுக்கி அமுக்கி விடுகிற துடிப்பைத் தரும் பாகம்தான் பல்சேட்டர். மாட்டுக்கு நிமிடத்துக்கு 60 துடிப்பு. ஆட்டுக்கு 90-ஐ ஒட்டி வைப்பது வழக்கம். வேகத்தை மாற்றும் திருகு இருக்கிற பல்சேட்டர் என்றால் பிரச்சினையில்லை. இல்லாவிட்டால் பல்சேட்டரையே மாற்ற வேண்டும்.

மூன்றாவது லைனர். காம்பைக் கவ்வுகிற அந்த ரப்பர் உறைதான் லைனர். மாட்டு லைனர் ஆட்டுக் காம்புக்குத் தொளதொளவென்று இருக்கும். ஓரத்தில் காற்றை உறிஞ்சி 'புர்புர்' என்று கத்தும், வழுக்கி விழும். விழாமல் நின்றால் இன்னும் மோசம்: அழுத்தத்தில் மெல்ல மேலே ஏறி மடியின் அடியையே பிடித்து நெரிக்கும். ஆட்டுக்கென்று வரும் லைனரும், காம்பில் மாட்டும் கப் இரண்டு உள்ள செட்டும் தனியாகவே கிடைக்கின்றன. நாலு கப் செட்டில் இரண்டை மடக்கிக் கட்டி ஓட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவசரத்துக்குச் சரி. தினமும் செய்தால் மடக்கிய இடத்தில் குழாய் வெடித்துக் காற்று கசியும்.

ஜமுனாபாரி, பீட்டல் வைத்திருப்பவர்கள் லைனர் வாங்குமுன் காம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிலவற்றுக்குக் காம்பு புனல் போல மேலே அகன்று நீண்டு இருக்கும். எந்த லைனரும் அதற்குச் சரியாக உட்காராது. அந்த ஆட்டைக் கையால்தான் கறக்க வேண்டும்.

ஆன்லைனில் மிகக் குறைந்த விலைக்கு வருகிறதே, பல்சேட்டர் இல்லை என்கிறார்கள். அது அவ்வளவு முக்கியமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

காம்புக் கப்புக்குள் இரண்டு அறை இருக்கிறது. லைனருக்கு உள்ளே காம்பு. அங்கே எப்போதும் உறிஞ்சல் இருக்கும். லைனருக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவே ஒரு இடைவெளி. பல்சேட்டர் அந்த இடைவெளிக்கு ஒரு முறை வெற்றிடத்தையும் ஒரு முறை வெளிக்காற்றையும் மாற்றி மாற்றி அனுப்புகிறது. வெற்றிடம் போகும்போது லைனர் விரியும், பால் வரும். காற்று போகும்போது லைனர் சுருங்கிக் காம்பை அமுக்கும். பால் நிற்கும், காம்பு நுனியில் தேங்கிய ரத்தம் மேலே திரும்பும். குட்டி சப்பும்போது நடப்பதும் ஏறத்தாழ இதுதான்.

பல்சேட்டர் இல்லாத மெஷினில் இந்த இரண்டாவது பாதி கிடையாது. நிறுத்தாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ரத்தம் நுனியில் தேங்கிக் காம்பு வீங்கும், நாளடைவில் துளையைச் சுற்றித் தோல் தடித்துச் சொரசொரக்கும். அந்தத் துளை சரியாக மூடாது. மடிநோய்க் கிருமி நுழைகிற வாசலே அதுதான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த குற்றமும் அல்ல. ஸ்காட்லாந்தில் 1889-இல் வில்லியம் மர்ச்லாண்ட் செய்த மெஷின் இப்படித்தான் தொடர்ந்து உறிஞ்சியது. விட்டு விட்டு உறிஞ்சும் முறையை அதே நாட்டுக்காரர் அலெக்சாண்டர் ஷீல்ட்ஸ் 1895-இல் கொண்டுவந்தார். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து ஆஸ்திரேலியாவின் கில்லிஸ் இரண்டு அறைக் கப்பைச் செய்தார். இன்று எல்லாப் பண்ணையிலும் ஓடுவது அந்த வழியில் வந்ததுதான். நூறு வருடத்துக்கு முன்பே ஒதுக்கிய ஒன்றை இன்று பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு விற்கிறார்கள்.

விற்பவர் "பல்ஸ் இருக்கு" என்றால் நம்ப வேண்டியதில்லை. மெஷினை ஓடவிட்டு, கட்டை விரலை லைனருக்குள் நுழையுங்கள். விரலைச் சுற்றி ரப்பர் இறுகுவதும் தளர்வதும் தெளிவாகத் தெரிய வேண்டும். கால் நிமிடம் எண்ணுங்கள். 22-ஐ ஒட்டி வந்தால் சரி. வெறுமனே மோட்டாரை நிறுத்தி நிறுத்தி ஓட்டி அதையே 'பல்ஸ்' என்று சொல்லும் மெஷின்களும் உண்டு. அதில் உறிஞ்சல் கூடிக் குறையும், ஆனால் விரலை எதுவும் அமுக்காது. வெளிக்கூட்டுக்கு ஒரு குழாய், பாலுக்கு ஒரு குழாய் என்று ஒவ்வொரு கப்புக்கும் இரண்டு குழாய் போகிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

சரி, எவ்வளவு ஆகும்?

சிரிஞ்சி மாதிரி இழுக்கிற கைப்பம்பும் பாட்டிலும் இரண்டாயிரத்தைச் சுற்றி. காம்பில் புண் வந்து கைபடவிடாத ஆட்டுக்கும், சீம்பாலைக் கொஞ்சம் எடுத்துக் குட்டிக்குப் புகட்டவும் அது உதவும். தினக் கறவைக்கு ஆகாது.

சின்ன மோட்டாரும் சில லிட்டர் கேனும் சேர்ந்து வருவது ஏறத்தாழ ஐயாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் வரை. நல்லதும் கெட்டதும் கலந்து கிடப்பது இங்கேதான். மேலே சொன்ன விரல் சோதனை இந்த வகைக்குத்தான் அவசியம்.

மாட்டுக்கு விற்கும் ஒற்றைக் கேன் மெஷினின் பம்பையும் கேனையும் எடுத்துக்கொண்டு ஆட்டு செட்டைப் பூட்டுவது மூன்றாவது வழி. முப்பதாயிரத்துக்கு மேலே போகும். செகண்ட் ஹேண்டில் பாதிக்கு வரும். பத்துப் பதினைந்து கறவை வைத்திருப்பவருக்கு என் ஓட்டு இதற்குத்தான். மோட்டார் போனால் உள்ளூர் ரீவைண்டிங் கடையில் பார்த்துவிடலாம், லைனரும் குழாயும் கிடைக்கும். சின்ன டப்பா மெஷினில் மோட்டார் புகைந்தால் டப்பாவோடு தூக்கிப் போட வேண்டியதுதான்.

மானியம் ஏதாவது?

தேசியக் கால்நடை இயக்கத்தில் ஆட்டுப் பண்ணைக்கு 50 சதவீத மானியம் உண்டு. ஆனால் அது 100 பெட்டை, 5 கிடா என்ற அளவில்தான் தொடங்குகிறது. பத்து ஆட்டுக்காரருக்கு எட்டாது.

பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரசரை வைத்து நாமே செய்துகொள்ளலாமா?

செய்கிறார்கள், ஓடுகிறது. உறிஞ்சும் பக்கத்தில் குழாயை மாட்டினால் ஆட்டுக்குத் தேவையான வெற்றிடம் வந்துவிடும். தொந்தரவு வேறு இடத்தில். அந்தக் கம்ப்ரசர் மூடிய சுற்றில் ஓடும்படி செய்தது. வெளிக்காற்றையும் ஈரத்தையும் இழுக்க இழுக்கச் சூடேறும், உள்ளே இருக்கும் ஆயில் காற்றோடு வெளியேறிக் குறையும். கேன் நிரம்பி ஒரு மடக்குப் பால் உள்ளே போனால் கதை முடிந்தது. செய்தே தீருவேன் என்றால், கேனுக்கும் கம்ப்ரசருக்கும் நடுவே காலியான ஒரு மூடிய ஜாடியை வையுங்கள்; பொங்கி வருவது அதில் விழட்டும். கம்ப்ரசர் காற்றை வெளியே தள்ளும் பக்கக் குழாயைக் கொட்டிலுக்கு வெளியே விடுங்கள். மீட்டர், ரெகுலேட்டர், பல்சேட்டர் மூன்றையும் கடையில்தான் வாங்கியாக வேண்டும். அவை மூன்றையும் வாங்கிய பிறகு மிச்சம் எவ்வளவு என்று பார்த்தால் பெரிதாக இருக்காது.

கரண்ட் பில்? கரண்ட் போனால்?

அரைக் குதிரைத்திறன் மோட்டார் காலையும் மாலையும் அரை அரை மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு அரை யூனிட். இரண்டு மாத பில்லில் முப்பது யூனிட். பயப்படுகிற அளவில்லை.

வீட்டு இன்வெர்ட்டர் இந்த மோட்டாரைத் தாங்கும் என்று எண்ண வேண்டாம். ஓடும்போது இழுப்பதைவிடக் கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும். சின்ன இன்வெர்ட்டர் கத்திக்கொண்டு நின்றுவிடும். 12 வோல்ட் பம்ப் என்றால் பேட்டரியில் ஓட்டலாம். எது எப்படியானாலும் கையால் கறக்க ஒரு ஆள் வீட்டில் இருக்க வேண்டும். கரண்ட் இல்லை என்று ஆட்டை மடி கட்டிப்போக விட முடியாது.

மெஷின் போட்டால் ஆடு பாலை அடக்கிக்கொள்ளாதா?

மாட்டைவிட ஆடு இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை. மாட்டு மடியில் பெரும்பகுதிப் பால் மேலே திசுவுக்குள் இருக்கும். கன்றை விட்டோ தடவிக் கொடுத்தோ இறக்க வேண்டும். ஆட்டுக்கு முக்கால் பங்குக்கு மேல் கீழே மடிக்குழியில் வந்து தயாராக நிற்கும். கப்பை மாட்டியதும் ஓடும். குட்டியைக் காட்ட வேண்டியதும் இல்லை, ஊசி எதுவும் தேவையில்லை. யாராவது ஆக்ஸிடோசின் போடச் சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

மிரள்வது சத்தத்துக்குத்தான். முதல் சில நாள் மெஷினை ஓடவிட்டுப் பக்கத்தில் வைத்து, மேடையில் தவிடோ கடலைப் புண்ணாக்கோ போட்டுக் கையால் கறங்கள். பிறகு கப்பை மாட்டுங்கள். தலை ஈத்து ஆடு சீக்கிரம் பழகும். நாலைந்து ஈத்து கையிலேயே கறந்து பழகிய கிழ ஆடுதான் உதைக்கும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

கடைசிச் சொட்டு வரை மெஷினிலேயே எடுக்கலாமா?

கூடாது. ஒளி ஊடுருவும் குழாய் வைத்துக்கொள்வது இதற்காகத்தான். பால் கம்பியாக ஓடுவது நின்று துளித்துளியாக வந்தவுடன் வெற்றிடத்தை அடைத்துவிட்டுக் கப்பைக் கழற்றுங்கள். வெற்றிடம் இருக்கும்போதே பிடுங்கி இழுத்தால் காம்பு நுனி காயப்படும். மிச்சத்தை இரண்டு பீய்ச்சில் கையால் எடுத்துவிடலாம். கழற்றியதும் காம்பைப் பாருங்கள். இளஞ்சிவப்பாய் மெத்தென்று இருந்தால் எல்லாம் சரி. நீலம் பாரித்தோ, நுனி கல்லாகவோ, மேலே வளையம் பதிந்தோ இருந்தால் அழுத்தம் அதிகம், அல்லது நேரம் அதிகம், அல்லது லைனர் பொருந்தவில்லை.

மெஷினால் மடிநோய் வரும் என்கிறார்களே?

மெஷினால் வராது என்று சொல்ல மாட்டேன். தப்பான அழுத்தத்தாலும் அழுக்கு லைனராலும் வரும். ஒரு ஆட்டில் இருப்பதை அடுத்த ஆட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதிலும் லைனர் கெட்டிக்காரத்தனம் காட்டும்.

அதனால் கப்பை மாட்டுமுன் ஒவ்வொரு காம்பிலிருந்தும் இரண்டு பீய்ச்சுகளைக் கறுப்புத் துணியிலோ கருநிறக் கிண்ணத்திலோ விட்டுப் பாருங்கள். திரி, கட்டி, தண்ணீர் மாதிரி, ரத்தச் சாயல் எது தெரிந்தாலும் அந்த ஆட்டுக்கு மெஷின் இல்லை. கையால், எல்லாவற்றுக்கும் கடைசியாக, தனிப் பாத்திரத்தில் கறந்து கொட்டிவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கறந்து முடித்த காம்புகளை, மருந்துக் கடையில் கிடைக்கும் போவிடோன் அயோடின் நாலு பங்கும் கிளிசரின் ஒரு பங்கும் கலந்த கரைசலில் முக்கி எடுங்கள். அப்புறம் அரை மணி நேரம் ஆட்டைப் படுக்கவிடாதீர்கள்; அதற்குள் காம்புத் துளை மூடிக்கொள்ளும். அகத்திக் கொத்து ஒன்றை உயரமாகக் கட்டித் தொங்கவிட்டால் தானாக நிற்கும்.

சோற்றுக்கற்றாழை, மஞ்சள்தூள், சுண்ணாம்பு அரைத்துப் பூசும் முறையைக் கால்நடைப் பல்கலைக்கழகமே மாடுகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. ஆட்டு மடிக்கும் பூசுகிறார்கள். ஆடு காய்ச்சலோடு தீனி எடுக்காமல் நின்றால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஆட்டு மடிநோய் முற்றினால் மடி கறுத்து அழுகிப்போகும், ஆடும் போய்விடும்.

எப்படிக் கழுவுவது? வெறும் தண்ணீர் போதாதா?

போதாது. கறந்து முடித்த கையோடு வெதுவெதுப்பான தண்ணீரைக் கப் வழியாக உறிஞ்சவிடுங்கள். எடுத்தவுடன் கொதிநீர் விட்டால் பால் புரதம் குழாயோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்து, கை பொறுக்காத சூட்டில் சோப்புக் கரைசல். பால் பாத்திரத்துக்கென்று விற்கும் காரத்தூள் இருந்தால் நல்லது. பிறகு நல்ல தண்ணீர். எல்லாவற்றையும் கழற்றி நிழலில் கவிழ்த்துத் தொங்கவிடுங்கள். வெயிலில் போட்டால் ரப்பர் வெடித்துவிடும்.

நம் பக்கத்து போர்த் தண்ணீரில் பெரும்பாலும் உப்பு. கொஞ்ச நாளில் கேன் உட்புறம் வெள்ளையாய், விரலால் தேய்த்தால் போகாத ஒரு படலம் படியும். அதற்குள் கிருமி குடியிருக்கும். வாரம் ஒருமுறை எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீரையோ வினிகரையோ விட்டு அலசினால் கரைந்துவிடும். ரப்பர் லைனரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். உள்ளே விரல்விட்டால் சொரசொரப்பு தெரியும்.

குட்டிக்கு என்ன செய்வது?

ஈன்ற முதல் சில நாள் சீம்பால் முழுக்கக் குட்டிக்கு. மூன்று நாலு வாரம் போனதும், இரவில் குட்டிகளைத் தனியாக அடைத்து, காலையில் மட்டும் கறந்துவிட்டுப் பகலெல்லாம் தாயோடு விடலாம். பால் கொஞ்சம் குறைவாகத்தான் கிடைக்கும். குட்டி தேறும்; மெஷினை ஒரு வேளை கழுவினால் போதும். சந்தையில் குட்டிக்குக் கிடைக்கும் விலையை நினைத்தால் இதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

கறந்த பாலை யார் வாங்குவார்கள்?

கூட்டுறவுச் சங்கங்கள் வாங்குவது மாட்டுப் பாலும் எருமைப் பாலும்தான். ஆட்டுப் பாலுக்கு ஆளை நீங்களே பிடிக்க வேண்டும்: சித்த மருத்துவர் சொல்லிக் கேட்டு வருபவர்கள், தேடி வாங்கும் நகரத்து வீடுகள். மெஷின் வாங்குமுன் இந்த ஆட்களை எண்ணிப் பாருங்கள். பாலில் கிடா வாடை அடித்தால் திருப்பிவிடுவார்கள். கிடாவைக் கறவை இடத்திலிருந்து தள்ளிக் கட்டுங்கள். கறந்ததும் வடிகட்டி, கேனை ஐஸ் தண்ணீரில் இறக்கி வையுங்கள். சித்திரை வெயிலில் இதைச் செய்யாவிட்டால் டவுனுக்குப் போய்ச் சேருமுன் திரிந்துவிடும். வாங்குகிறவரிடம் காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்கள். பச்சையாகக் குடித்தால்தான் மருந்து என்று யாராவது வாதிட்டால், புருசெல்லா என்ற கிருமி பச்சைப் பாலில் ஆளுக்குத் தொற்றும், விட்டு விட்டுக் காய்ச்சலும் மூட்டு வலியுமாய் மாதக்கணக்கில் படுத்தும் என்று சொல்லிவிடுங்கள்.

வாங்குமுன் எங்கே கேட்பது?

திருப்பரங்குன்றத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வெள்ளாடு வளர்ப்புப் பயிற்சி நடக்கும்போது போய் உட்கார்ந்து கேளுங்கள். விற்பவரிடம் கேட்க வேண்டியது வேறு. ஆட்டு லைனர் தனியாகத் தருவாரா, என்ன விலை, இப்போதே கையிருப்பில் இருக்கிறதா? "ஆர்டர் போட்டு வரவழைக்கலாம் சார்" என்றால் மெஷினோடு சேர்த்தே இரண்டு செட் லைனர் வாங்கிவிடுங்கள், அல்லது வேறு கடையைப் பாருங்கள்.